மாமன் மச்சினன் ரோடுவேஸ்

குப்பண்ணன் தன் மாமனிடம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாளைக்கு உள்ளதைச் சொல்லுங்க. உள்ளதே போதும்."

நாச்சிமுத்து கண்ணாடியில் மீசையைச் சரிபார்த்தபடி, "உள்ளதைத்தான் மாப்ளே சொல்லப்போறேன்," என்றார். "ஆனா வெறும் உள்ளதை அப்படியே கொண்டுபோய் நிறுத்தினா ஒல்லியாத் தெரியும். சும்மா ஒரு சட்டை மட்டும் போட்டுவிட்டுக் கூட்டிட்டு வர்றேன்."

அக்காள் புருஷனைக் குப்பண்ணனுக்குக் கல்யாணப் பந்தலிலிருந்தே தெரியும். நாச்சிமுத்து சட்டை போட்டுவிட்ட எந்த உண்மையையும் அதற்குப் பிறகு பெற்ற தாயால்கூட அடையாளம் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

சங்ககிரி லாரிப் பேட்டையில், டயர்க் கடைக்கும் டீக்கடைக்கும் இடையில் ஓர் அறை. அதன் நெற்றியில், அறையைவிட அகலமான ஒரு பலகை: 'மாமன் மச்சினன் ரோடுவேஸ். தரை – தண்டவாளம் – கடல்.' தரைக்காக மூன்று லாரிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குக் கியர்பாக்ஸ் இல்லை. தண்டவாளமும் கடலும் பலகையோடு சரி. சங்ககிரிக்கு மிக அருகிலுள்ள கடல் எது என்று பூகோளம் படித்தவர்களிடம் கேட்டால் ஒரு பெயரைச் சொல்வார்கள். அதை அருகில் என்று சொல்வது பூகோளக்காரர்களின் பெருந்தன்மை.

அன்று வருவதாகச் சொல்லியிருந்தவர் லோகாம்பாள். ராசிபுரத்துப் பக்கம் சேகோ ஃபேக்டரி நடத்துகிறவர். மரவள்ளிக் கிழங்கு அவருடைய ஃபேக்டரியில் நுழைந்து, ஜவ்வரிசியாகி, மூட்டை மூட்டையாக வடக்கே போகும். வடக்கே விரத நாட்களில் ஜவ்வரிசிதான் சாப்பாடு. விரதம் முடிந்து வந்து சேரும் ஜவ்வரிசியை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் அவருக்கு ஒரு புது ஏற்பாடு தேவைப்பட்டது. ஃபேக்டரி வாசலிலேயே கண்டெய்னர் பெட்டியில் ஏற்றிச் சீல் வைத்துவிட வேண்டும். பெட்டி லாரியில் ரயிலடிக்குப் போய், ரயிலில் வடக்கே போய், அங்கே இன்னொரு லாரியில் ஏறி வியாபாரியின் வாசலில் இறங்க வேண்டும். வழியில் யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது. வருஷம் முழுக்க லோடு.

அந்த லோடு கிடைத்தால் கம்பெனி எழுந்து நிற்கும். கிடைக்காவிட்டால் லாரிகளை விற்றுவிட்டுப் பலகையைக் கழற்றிவிடுவது என்று குப்பண்ணன் முடிவு செய்திருந்தார். மாமனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மாமன் அதற்கும் சட்டை போட்டுவிடுவார்.

லோகாம்பாள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அறைக்குள் ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை. ஆகவே நாற்காலிகளை வெளியே, டயர்க் கடை நிழலில் போட்டார்கள். இது முதல் தவறு. டயர்க் கடை ரஹமத்துல்லா பாய் இரும்புக் கம்பியும் கையுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். லோடு கிடைக்காமல் காத்துக் கிடந்த டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் டீ டம்ளர்களோடு நகர்ந்து நகர்ந்து வந்து சேர்ந்தார்கள். நாச்சிமுத்துவுக்கு ஆள் எதிரே இருந்தால் பேச்சு வரும். கூட்டம் எதிரே இருந்தால் வெள்ளம் வரும்.

லோகாம்பாள் ஒல்லியான மனுஷி. மூக்குக்கண்ணாடி. முப்பது வருஷமாக லாரிக்காரர்களோடு பேசிப் பேசி, எதற்கும் ஆச்சரியப்படுவதை விட்டுவிட்ட முகம்.

"கம்பெனி எப்படி ஆரம்பிச்சீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தார்.

"அரை லாரியில ஆரம்பிச்சேனுங்கம்மா," என்றார் நாச்சிமுத்து.

அரைப் பங்கு என்று சொல்ல வருகிறார் என்று குப்பண்ணன் ஒரு கணம் நம்பினார். உண்மையும் அதுதான்.

"எங்கப்பன் விட்டுட்டுப் போனது ஒரே லாரி. நானும் எங்கண்ணனும் பாகம் பிரிச்சோம். சரிபாதி. ரம்பம் வெச்சு அறுத்தோம். முன்பாதி அவனுக்கு. பின்பாதி எனக்கு."

"பின்பாதியில இஞ்சினே இருக்காதே?" என்றார் ரஹமத்துல்லா.

"அதனாலதான் பாய், இறக்கத்துல போற லோடு மட்டும் எடுத்தேன். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் காப்பிக்கொட்டை. தள்ளிவிட்டா நேரா அடிவாரம். டீசல் செலவே கிடையாது."

"மறுபடி மேல ஏறணுமே?"

"அண்ணனோட முன்பாதி எதுக்கு இருக்குது? அவன் இழுத்துட்டுப் போய் மேல விடுவான். பாகந்தானே பாய் பிரிஞ்சுது. பாசம் பிரியலையே."

டிரைவர்கள் சிரித்தார்கள். லோகாம்பாள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவுமில்லை. குப்பண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்து, "அம்மா, மாமா வேடிக்கையாப் பேசுவாரு. நாங்க வந்துங்க..." என்று ஆரம்பித்தார்.

"மாப்ளே, டீ சொல்லு," என்றார் நாச்சிமுத்து.

டீ சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் கம்பெனி வளர்ந்துவிட்டிருந்தது.

"...அப்புறம் லோடு குடுக்கற பார்ட்டிங்க எல்லாம் சீக்கிரம் சீக்கிரம்னு நச்சரிச்சாங்க. எவ்வளவுதான் வேகமா ஓட்டறது? யோசிச்சேன். வண்டி ஓடறதனாலதானே நேரமாகுது? ஓடாத வண்டி ஒண்ணு செஞ்சேன். டிரெய்லருங்கம்மா. நீளம்னா நீளம். பின்பக்கம் இந்தப் பேட்டையில இருக்கும். முன்பக்கம் தூத்துக்குடி துறைமுகத்துல இருக்கும். இங்க மூட்டையை ஏத்தி உள்ளே தள்ளிவிட்டா அங்க எடுத்துக்க வேண்டியதுதான்."

"வளைவுல எப்படித் திரும்புச்சு?" என்று கேட்டார் ஒரு டிரைவர். அவர் தொழில் சந்தேகம் அவருக்கு.

"வண்டி திரும்பலை. ரோட்டைத் திருப்பிக் குடுத்தாங்க."

"டயர்?" என்றார் ரஹமத்துல்லா. "அத்தனை டயரும் யாரு போட்டது? நான் போடலை."

"டயரைப் பத்திப் பேசாதீங்க பாய், மனசு கஷ்டமாயிரும். ஒருநாள் கடைசி டயர் பஞ்சர். டிரைவருக்குத் தகவல் சொல்லணுமே? வண்டிக்குள்ளயே நடந்து போய்ச் சொல்லிட்டு வரச் சொல்லி நம்ம கிளீனரை அனுப்பினேன். போனான். திரும்பி வர்றப்ப ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வர்றான், இடுப்புல ஒரு குழந்தை. என்னடான்னேன். மதுரைப் பக்கம் வண்டிக்குள்ள நடந்துக்கிட்டிருந்தப்ப சம்பந்தம் பேசி முடிச்சாங்களாம்."

"பஞ்சர் என்னாச்சு?"

"குழந்தைக்குக் காது குத்தற விசேஷத்துல அதை யாரும் கேக்கலை."

பொய்யில் ஒரு சாத்திரம் உண்டு. கேள்விக்குப் பதில் சொன்னால் அது சாதாரணப் பொய். கேள்வியையே அநாகரிகமாக்கிவிட்டால் அது உயர்ந்த பொய். நாச்சிமுத்து இரண்டாம் வகையில் தேர்ந்தவர். குப்பண்ணனுக்கு அந்த ரசனையெல்லாம் இல்லை. அவர் லோகாம்பாளின் கார் டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் இன்னும் சாவியைக் கையிலெடுக்கவில்லை. அதுவரை உயிர் இருந்தது.

"போறது சரி," என்றார் லோகாம்பாள். "வர்றப்ப வண்டி காலியா வந்தா அந்த வாடகையும் சேர்ந்து என் தலையிலதானே விடியும்? ரிட்டர்ன் லோடு இருக்குதா?"

நியாயமான கேள்வி. இந்தத் தொழிலில் போகும் லோடு சோறு என்றால் திரும்பும் லோடுதான் குழம்பு. அந்த ஊரில் லாரி காலியாகத் திரும்பி வருவது, லாரி முதலாளி வேட்டி இல்லாமல் திரும்பி வருவதற்கு அடுத்தபடி வைக்கப்பட்டிருக்கிறது. குப்பண்ணனிடம் இதற்கு நேர்மையான பதில் இருந்தது. பாதி நாள் கிடைக்கும், பாதி நாள் கிடைக்காது. வாயைத் திறந்தார்.

"காலியாவா!" என்று நாச்சிமுத்து நெஞ்சில் கை வைத்தார். "ஒரு மார்கழியில டெல்லியில மாட்டிக்கிட்டேனுங்கம்மா. எந்தப் புக்கிங் ஆபீஸ்லயும் லோடு இல்லை. சுத்திப் பார்க்கறேன், ஊர் பூரா குளிரு. மூலைக்கு மூலை சும்மா கெடக்குது, கேப்பாரில்லை. பொட்டிக் கதவைத் திறந்து விட்டேன். நிரம்ப நிரம்பக் குளிரை ஏத்தினேன். சாத்தினேன். சீல் வெச்சேன்."

"குளிரை?"

"குளிரையேதானுங்க. சித்திரையில இதே எடத்துல இறக்கினேன். தார் ரோடு உருகிச் செருப்புல ஒட்டுது. பொட்டியை ஒரு விரக்கடை திறந்தேன், அவ்வளவுதான். நம்ம டீக்கடையில டீ ஆத்திக்கிட்டிருந்தாரு பாருங்க, மேல் டம்ளருக்கும் கீழ் டம்ளருக்கும் நடுவுல ஒரு முழம் டீ, அப்படியே கம்பி மாதிரி நின்னு போச்சு. ஒடிச்சு ஒடிச்சு வித்தாரு. குச்சி டீன்னு பேரு."

"நான் இங்கதானே இருந்தேன்? எனக்கு ஞாபகம் இல்லையே," என்றார் ரஹமத்துல்லா.

"உங்க ஞாபகமும் சேர்ந்து ஒறைஞ்சு போச்சு பாய். இன்னும் இளகலை."

லோகாம்பாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "மார்கழியில ஏத்தினது சித்திரையிலயா வந்துச்சு? டெல்லியிலிருந்து நாலு மாசமா?"

கூட்டம் ஓவென்று கத்தியது. குப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். லோடு தாமதமாகப் போனதாக ஒப்புக்கொள்ளும் முதல் டிரான்ஸ்போர்ட் கம்பெனி என்ற பெயர் தங்களுக்குக் கிடைக்கப்போகிறது என்று நினைத்தார்.

"வந்தது நாலே நாளுங்கம்மா," என்றார் நாச்சிமுத்து, அசராமல். "மீதி நாளெல்லாம் பொட்டியிலேயே ஊற வெச்சோம். புதுக் குளிரு தொண்டைக்கு ஆகாது."

லோகாம்பாளின் உதட்டோரம் ஏதோ ஒன்று அசைந்தது. சிரிப்பா, எரிச்சலா என்று குப்பண்ணனால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டுக்கும் அந்த முகத்தில் ஒரே இடம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது.

"ரயிலுக்கு வருவோம். ரயில் லேட்டானா என்ன பண்ணுவீங்க?"

"அதெல்லாம் பண்ணிப் பார்த்தாச்சுங்க. ஒருக்கா ஈரோட்டுல சரக்கு ரயில் நகரவே மாட்டேங்குது. பொட்டியெல்லாம் அதுமேல. சிக்னல் விழலைங்கறாங்க. நம்ம லாரியைக் கொண்டுபோய் முன்னால நிறுத்தினேன். கயித்தை எடுத்தேன். ரயிலோட மூக்குல கட்டி, ரோட்டுல ஏத்தி, மெதுவா இழுத்துட்டுப் போனேன். ஆட்டுக்குட்டி மாதிரி வருதுங்கம்மா. பவானி ரோட்டுல ரெண்டு பக்கமும் ஜனம்."

"லெவல் கிராஸிங் வந்திருக்குமே?" என்றார் ரஹமத்துல்லா. "அங்க என்ன பண்ணினீங்க?"

"கேட்கீப்பர் முறைப்படி நடந்துக்கிட்டாரு பாய். ரயில் வர்றதுன்னா கேட்டை மூடணும். மூடினாரு. ஆனா ரயில் ரோட்டுல வருது. அதனால தண்டவாளத்துக்குக் குறுக்கே கேட்டைப் போட்டு, தண்டவாளத்தை நிறுத்தி வெச்சாரு. நாங்க போன பின்னாலதான் தண்டவாளத்தை விட்டாரு."

"அந்த ரயில் இப்ப எங்க இருக்குது?"

"அதுதான் சங்கடமாப் போச்சு. ரோட்டு ருசி கண்டுருச்சு. தண்டவாளத்துல எறங்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். ஒரு மாசம் இந்தப் பேட்டையிலயே நம்ம வண்டிகளோட வரிசையில நின்னு லோடுக்குக் காத்துக்கிட்டிருந்துச்சு. அப்புறம் பெரிய ஆபீசருங்க வந்து தாஜா பண்ணிக் கூட்டிட்டுப் போனாங்க."

கூட்டம் இப்போது இரண்டு மடங்காகியிருந்தது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். லோகாம்பாள் அண்ணாந்து பலகையைப் பார்த்தார்.

"கடல்னு வேற போட்டிருக்கீங்களே?"

"கப்பல் ஒண்ணு விட்டிருந்தோமுங்க. நடுக்கடல்ல பஞ்சர்."

ரஹமத்துல்லா எழுந்தே நின்றுவிட்டார். தொழில் அவமதிக்கப்பட்ட ஆத்திரம் அவர் குரலில் இருந்தது. "கப்பலுக்கு எங்கய்யா டயரு?"

"ஓரத்துல சுத்தி டயரு தொங்கவிட்டிருப்பாங்களே, பார்த்ததில்லை? அதுல ஒண்ணு. ஸ்டெப்னி எடுத்துட்டுப் போய், ஜாக்கி போட்டுக் கப்பலைத் தூக்கி, மாட்டிட்டு வந்தேன்."

"ஜாக்கி போட்டியா! தண்ணி மேல ஜாக்கி எப்படி நிக்கும்? அடியில என்னத்தை வெச்ச?"

"அதைக் கேக்கத்தான் பாய் அன்னிக்கு உங்களைத் தேடி வந்தேன். கடை பூட்டியிருந்துச்சு. வேற வழியில்லாம வைக்காமயே தூக்கிட்டேன்."

ரஹமத்துல்லா உட்கார்ந்துவிட்டார். தோற்றவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். டிரைவர்கள் கை தட்டினார்கள். நாச்சிமுத்துவின் முகத்தில் வெளிச்சம் கூடிவிட்டது. குப்பண்ணனுக்குத் தெரிந்த வெளிச்சம். குப்பண்ணனின் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம் மாமன் இதே வெளிச்சத்தோடு பேசித்தான், மாப்பிள்ளை வீட்டில் யானை இருப்பதாகப் பெண் பல நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

லோகாம்பாள் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். குரல் மாறியிருந்தது. இது வியாபாரக் குரல்.

"எல்லாம் கேட்டுட்டேன். எனக்குக் கவலை ஒண்ணே ஒண்ணுதான். ஜவ்வரிசி நனையக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் ஊதிக் கூழாயிரும். போன மழைக்கு ஒருத்தர் என் லோடை நனைச்சுட்டாரு. அதனாலதான் ஆளையே மாத்தறேன். சொல்லுங்க, மழை வந்தா?"

இதற்கு ஒரே ஒரு சொல் போதும். நனையாது. குப்பண்ணன் அந்தச் சொல்லை மாமனின் காதுக்குள் கொண்டுபோய் வைக்க முடியாதா என்று தவித்தார். முழங்காலால் மாமனின் முழங்காலை இடித்தார். ஆனால் நாச்சிமுத்து இப்போது லோகாம்பாளைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அத்தனை பேரைப் பட்டினி போட நாச்சிமுத்துவுக்கு மனம் வரவில்லை.

"மழையா? போன ஐப்பசியில ஜவ்வரிசி லோடோட தொப்பூர் கணவாயில ஏறறேன். புடிச்சுது பாருங்க மழை. துளித்துளியா இல்லீங்க. மொத்த மழையும் ஒரே துளி. பொத்துன்னு விழுந்துச்சு. தார்ப்பாய் போன எடம் தெரியலை. வண்டி பூரா தண்ணி. ஜவ்வரிசி ஊதுது. கீழே இஞ்சின் சூடு. தளதளன்னு கொதிக்க ஆரம்பிச்சிருச்சு."

குப்பண்ணன், "மாமா," என்றார்.

"முன்னால போன வெல்ல லாரிக்காரன் என்னமோ மணக்குதேன்னு பிரேக் போட்டான். டமார். வெல்லம் பூரா இதுல விழுந்துச்சு. பின்னால வந்த பால் டேங்கரு, டமார். அதுக்குப் பின்னால பண்ருட்டி முந்திரி லோடு, டமார்."

"மாமா!"

"ஏலக்காதான் பாக்கி. போடியிலிருந்து ஏலக்கா ஏத்திட்டு ஒரு ஜீப் வர்றதாத் தகவல். எல்லா டிரைவருமா ரோட்டோரம் உக்காந்து காத்திருந்தோம். பாவம், அவனும் நம்மளை ஏமாத்தலை. வந்தான், மோதினான். நாலுவழிச் சாலையில நாலு வழியிலயும் பாயசம்! தர்மபுரிப் பக்கமிருந்து ஜனங்க குண்டான், அண்டா, தூக்குப்போசின்னு தூக்கிட்டு ஓடி வர்றாங்க. டோல்கேட்டுல ஃபாஸ்டேக் இருக்கறவங்களுக்கு ஒரு வரிசை, டம்ளர் இருக்கறவங்களுக்கு ஒரு வரிசை!"

பேட்டையே அதிர்ந்தது. ஒரு டிரைவர் லாரிக்குள் ஏறி ஹாரன் அடித்தார். அந்த ஆரவாரமெல்லாம் அடங்கிய பிறகுதான், லோகாம்பாள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"அந்த ஜவ்வரிசி யாரோடது?" என்று கேட்டார்.

நாச்சிமுத்து மீசையைச் சரிபார்க்க ஆரம்பித்தார்.

"பார்ட்டிக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"அது... இனிப்பு சரியா இருக்குதான்னு... பார்க்கச் சொன்னோமுங்க."

லோகாம்பாள் எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார். கார் டிரைவர் சாவியைக் கையிலெடுத்தார். குப்பண்ணன் தன்னையறியாமல் எழுந்து லோகாம்பாளின் வழியில் நின்றார். அப்படி நின்றது அவருக்கே திகைப்பாக இருந்தது.

"நீங்கதான் மச்சினனா?" என்றார் லோகாம்பாள். "வந்ததிலிருந்து வாயையே திறக்கலையே. நீங்க சொல்லுங்க. என் லோடை நீங்க எப்படி எடுத்துட்டுப் போவீங்க?"

குப்பண்ணன் பொய் சொல்ல மனதாரத் தயாராக இருந்தார் என்பதை இங்கே பதிவு செய்துவிட வேண்டும். அவரை உத்தமர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆனால் தேடிப் பார்த்தபோது கையில் ஒன்றுகூட அகப்படவில்லை. நல்ல பொய்களையெல்லாம் மாமன் ஏற்கெனவே ஏற்றி அனுப்பிவிட்டார். மிச்சம் கிடந்தது உள்ளது மட்டும்தான். வேறு வழியில்லாமல் அதை எடுத்தார்.

"எங்ககிட்ட மூணு வண்டிங்கம்மா. அதுல ஒண்ணு ஓடாது. ரயில் கிடையாது, கப்பல் கிடையாது. கோயமுத்தூர்ல ஒருத்தரு ரயில்ல பொட்டிக்கு எடம் புடிச்சுக் குடுப்பாரு, அவரு மூலமாத்தான் அனுப்பணும்."

கூட்டம் கொட்டாவி விட்டது. டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்க்கத் திரும்பினார்.

"வண்டிக்கு எத்தனை டன் பாஸோ, அவ்வளவுதான் ஏத்துவோம். அதுக்கு மேல ஒரு மூட்டை ஏத்தறதில்லீங்க."

டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவருக்குப் புரை ஏறியது. டீக்கடைக்காரர் திரும்பி வந்தார்.

"ஏத்தறப்ப எத்தனை மூட்டையோ, எறக்கறப்பவும் அத்தனை மூட்டைதான் இருக்கும். வழியில குத்திப் பார்க்கறது, சிந்திப் போச்சுன்னு சொல்றது, அதெல்லாம் கெடையாது."

யாரோ, "அடேயப்பா," என்றார்கள். ரஹமத்துல்லா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"டிரைவர் தூக்கம் வந்தா நிறுத்தித் தூங்கிட்டுத்தான் வருவாரு. அதனால தாமதமாகும். தாமதமாகும்னு முந்தியே சொல்லிருவோம்."

"யப்பா, டேய், புடிங்கடா என்னைய," என்று ஒரு டிரைவர் பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பற்றிக்கொண்டார். லோகாம்பாளின் தோளிலிருந்து கைப்பை மெல்ல நழுவியது.

"இன்னும் ஒண்ணுங்கம்மா," என்றார் குப்பண்ணன். சிரிப்புச் சத்தம் ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. வியர்த்துக் கொட்டியது. "நீங்க போன் பண்ணி வண்டி எங்கேன்னு கேட்டா, வண்டி எங்க இருக்குதோ அந்த ஊர்ப் பேரைத்தான் சொல்லுவோம்."

டிரைவர்கள் டம்ளர்களைக் கீழே வைத்தார்கள்.

லாரி உலகத்தோடு பழக்கமில்லாதவர்களுக்கு இதன் கனம் தெரியாது. வண்டி எங்கே என்று பார்ட்டி கேட்டால், 'பக்கத்துல வந்தாச்சு, இன்னும் அரை மணி நேரம்' என்பதே பதில். வண்டி மூன்று மாநிலங்களுக்கு அப்பால் இருந்தாலும் அரை மணி நேரம். வண்டி வீட்டு வாசலில் நின்று எலுமிச்சம்பழம் நசுக்கிக்கொண்டிருந்தாலும் அரை மணி நேரம். அதைப் பொய் என்று எந்தப் பார்ட்டியும் கோபித்துக்கொண்டதில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்வதைப்போல, அது ஒரு மரியாதை.

லோகாம்பாளின் குரல் நடுங்கியது. "வண்டி இன்னும் கெளம்பவே இல்லைன்னா?"

"இன்னும் கெளம்பலைன்னு சொல்லுவோமுங்க."

அவ்வளவுதான். ரஹமத்துல்லா அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் சரிந்தார். டயர்கள் பேட்டையெங்கும் உருண்டோடின. பிடிக்க யாருமில்லை. டிரைவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் அறைந்துகொண்டு, "கெளம்பலைன்னு சொல்லுவாங்களாமாடா!" என்று கண்ணில் நீர் வழியக் கத்தினார்கள். எதற்கும் ஆச்சரியப்படாத லோகாம்பாள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கண்ணாடி மடியில் விழுந்தது.

"நெசமாத்தானுங்கம்மா," என்றார் குப்பண்ணன்.

அதற்கு இன்னொரு அலை எழுந்தது.

நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. மச்சினனின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"என்ன மாப்ளே இது? நான் ரயிலை ஆட்டுக்குட்டின்னேன். கப்பலுக்கு ஜாக்கி போட்டேன்னேன். ஆனா எல்லாத்துக்கும் ஒரு அளவு வெச்சிருந்தேன். நம்பறாப்பல சொன்னேன். நீ இப்படிக் கூசாம அடிச்சு விடலாமா?"

லோகாம்பாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இரண்டு தடவை சொல்ல முயன்று மூன்றாவது தடவையில் பேச்சு வந்தது.

"லோடு உங்களுக்குத்தான்," என்றார், குப்பண்ணனைப் பார்த்து. "ஒரு வருஷம் முழுக்க. ஆனா ஒரு கண்டிஷன். வடக்கே இருந்து வியாபாரிங்க சரக்கு எங்கே எங்கேன்னு எனக்குப் போன் போட்டு உயிரை வாங்கறாங்க. நான் சொல்ற எதையும் இப்ப அவங்க நம்பறதில்லை. இனிமே அவங்களோட நீங்கதான் பேசணும். அந்தப் பால் வடியற முகத்தை வெச்சுக்கிட்டு நீங்க என்ன புளுகினாலும் எடுபடும்."

"நான் புளுகலீங்கம்மா."

"இதேதான். இதே மாதிரிதான் சொல்லணும்."

காருக்குப் போகும் வழியெல்லாம் அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன. கதவைத் திறந்தவர், வேலை நினைவு வந்து திரும்பினார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வண்டி ஃபேக்டரி வாசல்ல நிக்கணும்."

"நிக்காதுங்க," என்றார் குப்பண்ணன். "ஒம்பதரை ஆயிரும்."

லோகாம்பாள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

"ஏனுங்க, லோடுதான் குடுத்தாச்சே? உங்க மச்சினனை இதோட நிறுத்திக்கச் சொல்லுங்க. எனக்கு வயிறு வலிக்குது."